ராச்செஸ்டர்: கோடக் சரிந்ததால்தான் ஏழையான ஊரா?

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு உங்கள் உறவினர் ஆய்வுப் பணிக்காகப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஊரைப் பற்றித் தேடிப் படித்ததில், அமெரிக்காவிலேயே குழந்தைகள் வறுமை மிகுந்த நகரங்களில் ஒன்று என்று ஒரு பக்கமும், படித்தவர்களும் நல்ல மருத்துவமனைகளும் நிறைந்த, நடுத்தரக் குடும்பம் வீடு வாங்கக்கூடிய ஊர் என்று இன்னொரு பக்கமும் சொல்கிறார்கள், இதற்கிடையே அந்த ஊரில் பிறந்த ஃபிலிம் நிறுவனமான கோடக்கை வைத்து 'கோடக் போயிற்று, அதோடு ஊரும் போயிற்று' என்று பேசுகிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டையும் நம்பலாம். மூன்றாவதுதான் பிழையானது, அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டால், முதல் இரண்டும் ஒரே ஊரைப் பற்றிய உண்மைகளாக இருப்பது எப்படி என்பதும் விளங்கிவிடும்.

தொடங்குவதற்கு முன் ஒரு சிறு எச்சரிக்கை. மின்னசோட்டா மாநிலத்திலும் ஒரு ராச்செஸ்டர் இருக்கிறது. மேயோ கிளினிக் என்ற புகழ்பெற்ற மருத்துவமனை இருப்பது அங்கேதான். இரண்டும் மருத்துவத்தால் பெயர் பெற்றவை, இரண்டிலும் கடும் பனி பொழியும் என்பதால், தேடுகிறவர்கள் ஒன்றின் புள்ளிவிவரத்தை மற்றதோடு கலந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. நான் எழுதுவது ஒன்டாரியோ ஏரிக்கரையில், ஜெனசீ ஆற்றின் இருபுறமும் பரந்திருக்கும் ராச்செஸ்டரைப் பற்றி.

முதலில் தலைக்கணக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்தில் 2,11,328 பேர் வாழ்ந்தார்கள். நகரம் அடங்கிய மன்றோ கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 7,59,443 பேர். சுற்றியுள்ள கவுண்டிகளையும் சேர்த்த மாநகரப் பகுதியில் ஏறக்குறைய 10,90,000 பேர். அதாவது, 'நான் ராச்செஸ்டர்க்காரன்' என்று சொல்லிக்கொள்ளும் ஐந்து பேரில் நால்வர் ராச்செஸ்டர் நகர எல்லைக்கு வெளியே குடியிருக்கிறார்கள். இந்த ஒரு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எண்கள் எல்லாவற்றுக்கும் இது தேவைப்படும்.

நகரத்தின் மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டது 1950-இல். அப்போது 3,32,488 பேர். பிறகு 1960-இல் 3,18,611 ஆகவும், 1970-இல் 2,96,233 ஆகவும், 1980-இல் 2,41,741 ஆகவும் குறைந்தது. முப்பது ஆண்டுகளில் தொண்ணூறாயிரம் பேர், அதாவது நால்வரில் ஒருவருக்கும் மேல், நகரத்திலிருந்து மறைந்துவிட்டார்கள். இப்போது கோடக்கின் கணக்கை இதன் அருகில் வையுங்கள். அந்த நிறுவனம் ராச்செஸ்டரில் மிக அதிகமான ஆட்களை வேலைக்கு வைத்திருந்த ஆண்டு 1982. அந்த ஆண்டில் 60,400 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். நகரம் காலியாகிக்கொண்டிருந்த அதே முப்பது ஆண்டுகளில் கோடக் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. அதன் பிறகு, அந்த 60,400 வேலைகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக ஒழிந்து, 2012 ஜனவரி 19 அன்று நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போன காலத்தில், நகரத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 2,10,000-இல் நின்றுவிட்டது. 2010-இல் 2,10,565 ஆக இருந்தது 2020-இல் சற்றே கூடியும் இருக்கிறது. 1950-க்குப் பின் ஒரு கணக்கெடுப்பில் நகரத்தின் எண்ணிக்கை ஏறியது அதுவே முதல் முறை. கோடக் செழித்தபோது நகரம் வேகமாகக் கரைந்தது, கோடக் கரைந்தபோது நகரத்தின் தேய்வு மெதுவாகி நின்றது. 'கோடக் போனதால் ஊர் போயிற்று' என்பவர்கள் இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

தொண்ணூறாயிரம் பேரும் எங்கே போனார்கள் என்றால், பெரும்பாலும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். பிரைட்டன், பிட்ஸ்ஃபோர்ட், பென்ஃபீல்ட், வெப்ஸ்டர், ஐராண்டிக்வாய்ட், கிரீஸ், ஹென்ரியேட்டா என்று நகரத்தைச் சூழ்ந்து தனித்தனி டவுன்கள் இருக்கின்றன. நம் பழக்கத்தில் இவற்றைப் புறநகர்ப் பகுதிகள் என்று சொல்லிவிடுவோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம் உண்டு, கட்டட விதிகள் உண்டு, வரியும் பள்ளி மாவட்டமும்கூடத் தனி. நம் ஊர்களில் மாநகராட்சி வளர வளர அக்கம்பக்கத்து ஊராட்சிகளை விழுங்கிக்கொண்டே போகும். ராச்செஸ்டரிலும் ஒருகாலத்தில் அப்படி நடந்தது. ஆற்றங்கரையை ஒட்டி ஒரு மெல்லிய வால்போல நிலத்தைச் சேர்த்துக்கொண்டு, 1916-இல் ஏரிக்கரையின் ஷார்லட் கிராமம்வரை நகரம் நீண்டது. இன்று வரைபடத்தைப் பார்த்தாலும் அந்த வால் தெரியும். ஆனால் 1920களுக்குப் பிறகு நகர எல்லை நகரவே இல்லை. ஏறக்குறைய 93 சதுர கிலோமீட்டருக்குள் நகரம் உறைந்துவிட்டது. போருக்குப் பின் வந்த வளர்ச்சி முழுவதும், அதனோடு வந்த வரி வருவாயும், கோட்டுக்கு அப்பால் போய்ச் சேர்ந்தது. நகரம் தேய்ந்த அதே காலத்தில் சுற்றுப்புறம் பெருகியது. இருப்பவர்கள் வெளியே குடியேற, இல்லாதவர்கள் உள்ளே நின்றார்கள் என்பதுதான் அதன் சாரம்.

வெளியேற்றம் நடந்த அதே ஆண்டுகளில் உள்ளே வந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1950-இல் ராச்செஸ்டரின் கறுப்பின மக்கள் எட்டாயிரத்துக்கும் குறைவு. 1960-இல் இருபத்துமூவாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். தென் மாநிலங்களிலிருந்து, குறிப்பாக ஃபுளோரிடாவின் சான்ஃபோர்ட் ஊர்ப்புறத்திலிருந்து, ஏரிக்கரைத் தோட்டங்களில் பழம் பறிக்கவும் காய்கறி அறுவடை செய்யவும் பருவக் கூலிகளாக வந்தவர்கள், படிப்படியாக நகரத்தில் தங்கினார்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் இதே பண்ணை வழியாகத்தான் முதலில் வந்தார்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தது ஏழாவது வார்டு, மூன்றாவது வார்டு என்று சொல்லப்பட்ட இரண்டு பழைய பகுதிகளில்தான். மற்ற இடங்களில் வாடகைக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள். வேலையோ, நகரத்தின் பெருமைக்குரிய தொழிற்சாலைகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. 1964 ஜூலை 24 இரவு, தெருவில் நடந்த ஒரு நடன நிகழ்ச்சியில் போலீஸ் ஒருவரைக் கைது செய்ததிலிருந்து வெடித்த கலவரம் மூன்று நாள் நீடித்தது; மாநில ஆளுநர் தேசியக் காவல் படையை இறக்க வேண்டியிருந்தது. வேலையின்மை என்பதே இல்லாத, அமைதியான, பண்பட்ட ஊர் என்று பெயர் வாங்கிய ராச்செஸ்டரில் இப்படி நடந்ததுதான் நாட்டை அதிர வைத்தது.

அதற்குப் பிறகு நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊரின் பொருளாதார வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. கலவரத்துக்குப் பின் உள்ளூர்த் தேவாலயங்கள் சேர்ந்து, சிகாகோவில் சேரி மக்களை அமைப்பாகத் திரட்டிப் பெயர் பெற்ற சால் அலின்ஸ்கியை வரவழைத்தன. அப்படி உருவான 'ஃபைட்' என்ற அமைப்புக்கு ஃபிராங்க்ளின் ஃபுளோரன்ஸ் என்ற மதபோதகர் தலைவரானார். தொழில் தெரியாத கறுப்பின இளைஞர்கள் அறுநூறு பேருக்கு கோடக் பயிற்சி அளித்து வேலை கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1966 டிசம்பர் 20 அன்று கோடக்கின் உதவித் துணைத்தலைவர் நிலையில் இருந்த ஓர் அதிகாரி அதற்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஓரிரு நாளில் நிறுவனத்தின் இயக்குநர்கள் அந்தக் கையெழுத்து செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த ஏப்ரலில் நியூ ஜெர்சியின் ஃபிளெமிங்டனில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்கு, பங்குகளை வாங்கி வைத்திருந்த ஃபைட் அமைப்பினரும் அவர்களுக்கு ஆதரவான தேவாலயங்களும் போய்க் கேள்வி கேட்டார்கள். பங்குதாரர் என்ற உரிமையில் ஒரு சமூகக் கோரிக்கையை நிறுவனத்துக்குள் எழுப்பும் முறைக்கு அது முன்னோடியாக இன்றும் சொல்லப்படுகிறது. ஜூனில் ஒருவாறு சமரசம் ஆனது. ஆனால் காலத்தைக் கவனியுங்கள்: கோடக் பொன்முட்டையிட்டுக்கொண்டிருந்த ஆண்டு 1966. நகரத்தின் வறுமை அன்றே வேரூன்றியிருந்தது. கோடக் வீழ்ந்தபோது முளைத்ததன்று அது.

அதற்கு நேர் எதிர்க் காட்சி அந்நாளில் அதே ஊரில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் அரங்கேறியது. நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1912-இல் 'ஊதிய ஈவு' என்ற வழக்கத்தைத் தொடங்கினார். பங்குதாரருக்கு ஈவு கொடுக்கும்போது தொழிலாளிக்கும் ஒரு பங்கு. தீபாவளி போனசுக்கு ஜவுளிக்கடைகள் காத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதைப் போலவே கோடக் போனஸ் நாளுக்காகக் கார் விற்பனையாளர்களும் மரச்சாமான் கடைக்காரர்களும் விளம்பரத்தோடு காத்திருப்பார்கள். பள்ளிப் படிப்பு முடித்துவிட்டுத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவர் அந்தப் பணத்தில் முன்தொகை கட்டிப் புறநகரில் வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார். தொழிற்சங்கம் அங்கே காலூன்ற முடியாமல் போனதற்கும் இந்த ஈவு ஒரு காரணம். ஆக, நடுத்தர வர்க்கத்தை உண்டாக்கிய அதே நிறுவனம்தான், யார் உள்ளே வருகிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதையும் வகுத்தது.

உள்ளேயும் வெளியேயும் பிரித்தது வேலை மட்டுமன்று, நிலமும்தான். 1972-இல் ராச்செஸ்டர் நகரத்து ஏழைகள் சிலரும், நகரத்தில் வரி கட்டுவோர் சிலரும், வீட்டு வசதிக்காகப் போராடிய ஓர் அமைப்பும் பென்ஃபீல்ட் டவுன்மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்த டவுனின் நில விதிகள் காலி நிலத்தில் 98 விழுக்காட்டைத் தனி வீடுகளுக்கு மட்டுமே ஒதுக்கியிருந்தன என்றும், அடுக்குக் குடியிருப்புகளுக்கு 0.3 விழுக்காடுதான் விட்டிருந்தன என்றும் அவர்கள் சொன்னார்கள். குறைந்த வருமானக்காரர் குடியேற முடியாதபடி சட்டத்தைக் கொண்டே வேலி போட்டிருக்கிறார்கள் என்பது வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. வார்த் எதிர் செல்டின் என்ற அந்த வழக்கில் 1975-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், மனுதாரர்களுக்கு வழக்குத் தொடரும் தகுதியே இல்லை என்று தள்ளுபடி ஆனது. விதி நியாயமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. மாணவர்கள் அதை வழக்குத் தகுதி பற்றிய பாடமாகப் படிக்கிறார்கள். எனக்கோ அது ராச்செஸ்டரின் மக்கள்தொகைப் பட்டியலுக்கு எழுதிய அடிக்குறிப்பாகத் தோன்றுகிறது.

இந்தப் பின்னணியோடு இன்றைய பட்டியலைப் பார்க்கலாம். நகரத்தில் கறுப்பின மக்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிஷ் மொழி வழியினர், அல்லாத வெள்ளையர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஹிஸ்பானியர் ஐந்தில் ஒரு பங்கு. ஆசியர் நூற்றுக்கு நாலைந்து பேர். எல்லையைத் தாண்டி வெளி டவுன்களுக்குப் போனால் வெள்ளையர் பெரும்பான்மை உடனே உயர்ந்துவிடும். வருமானத்திலும் அப்படியே. எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால், ராச்செஸ்டர் நகரத்தில் அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாட்டின் நடுக் குடும்பத்துக்குக் கிடைப்பதில் அறுபது விழுக்காடு அளவுதான். 2010களின் நடுவில் நகரக் குழந்தைகளில் பாதிப் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். பிறகு அது ஓரளவு இறங்கியிருந்தாலும் இன்னும் நாட்டின் சராசரியைப் போல இருமடங்குக்கு மேல்தான். ஆனால் கவுண்டி முழுவதையும் எடுத்துக்கொண்டால், இந்த எண்கள் எல்லாம் சாதாரண அமெரிக்க ஊரின் எண்களாகிவிடும். நீங்கள் படித்த இரண்டு பக்கங்களில் ஒன்று நகரத்தின் எண்ணையும், மற்றது மாநகரப் பகுதியின் எண்ணையும் எடுத்துக்கொண்டு பேசியிருக்கும்.

இந்த நகர எல்லைக் கோட்டின் விளைவு பள்ளிகளில்தான் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. நகரப் பள்ளி மாவட்டத்தில் படிப்பவர்களில் ஆகப் பெரும்பாலோர் ஏழைக் குழந்தைகள். நியூயார்க் மாநிலத்தின் ஐந்து பெரிய நகரங்களுக்கு உள்ள விதிப்படி அந்த மாவட்டம் தானாக வரி விதிக்க முடியாது. நகர நிர்வாகம் கொடுப்பதையும் மாநிலம் கொடுப்பதையும் வைத்து நடத்த வேண்டும். பக்கத்து டவுனின் பள்ளி தன் வீட்டு வரியை வைத்தே செழிப்பாக நடக்கும். நகர மாணவர் சிலரை வெளி டவுன் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் 1965-லேயே தொடங்கி இன்றும் நடக்கிறது. நாட்டில் இத்தகைய திட்டங்களில் அது மிகப் பழையவற்றுள் ஒன்று. எனினும் பயன் பெறுவோர் நகர மாணவரில் சிறு பகுதியினர்தான்.

இனி, ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது என்ற கேள்வி. ராச்செஸ்டர் ஒரு தொழிலை இழந்து இன்னொன்றைப் பிடிப்பது இது முதல் முறையன்று. ஈரி கால்வாய் 1820களில் வந்தபோது ஜெனசீ ஆற்றின் அருவிகளில் மாவு ஆலைகள் பெருகி, 'மாவு நகரம்' என்று பெயர் வந்தது. கோதுமை மேற்கே நகர்ந்தபோது ஆலைகளும் நகர்ந்தன. ஊர் நாற்றுப் பண்ணைகளுக்கும் விதை வியாபாரத்துக்கும் மாறியது. ஆங்கிலத்தில் மாவுக்கும் பூவுக்கும் ஒலி ஒன்றே என்பதால் பெயரை மாற்ற வேண்டிய சிரமம்கூட இல்லாமல் அது 'பூ நகரம்' ஆயிற்று. மே மாதத்தில் ஹைலண்ட் பூங்காவில் நடக்கும் லைலாக் பூத் திருவிழா அந்தக் காலத்தின் மிச்சம். பிறகு ஆண்கள் உடுப்பு, காலணி, அப்புறம் கண்ணாடி வில்லைகள். பாஷ் அண்டு லோம் 1853-இல் தொடங்கியது. கோடக்கும், ஹலாய்டு என்ற பெயரில் 1906-இல் பிறந்து பின்னர் ஜெராக்ஸ் ஆன நிறுவனமும் சேர்ந்து, ஒளியையும் வேதியியலையும் கைவசப்படுத்திய ஊராக ராச்செஸ்டரை ஆக்கின. ஆற்றைக் கடக்கக் கால்வாய்க்காகக் கட்டிய கல் பாலம் ஒன்று நகர மையத்தில் இருக்கிறது. கால்வாய் போனபின் அதன் படுகையில் 1927 முதல் 1956 வரை சுரங்க ரயில் ஓடியது, ரயிலும் போனபின் மேலே போட்ட சாலை மட்டும் இருக்கிறது. அந்த ஊரின் பொருளாதார வரலாற்றைச் சுருக்கிச் சொல்ல அதைவிட நல்ல கட்டடம் எனக்குத் தெரியாது.

ஜெராக்ஸ் 1969-லேயே தலைமையகத்தைக் கனெக்டிகட்டுக்கு மாற்றிக்கொண்டது. பாஷ் அண்டு லோம் 2013-இல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியை 1975-இல் கோடக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ராச்செஸ்டரிலேயே செய்து காட்டியதும், நிறுவனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் நான் நேரம் செலவிடவில்லை. முக்கியமானது என்னவென்றால், கோடக் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்த முப்பது ஆண்டுகளில் மாநகரப் பகுதியின் மொத்த வேலைகள் குறையவில்லை. 1980களின் தொடக்கத்தில் நாலு லட்சத்துச் சொச்சமாக இருந்தவை 2010-இல் ஐந்து லட்சம் ஆகியிருந்தன. கோடக்கில் பழகிய வேதியியலாளர்களும் கருவி வல்லுநர்களும் ஊரைவிட்டு ஓடாமல், சிறு சிறு ஒளியியல் நிறுவனங்களில் சேர்ந்தார்கள், சிலர் சொந்தமாகத் தொடங்கினார்கள்.

இதில் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரிது. ஈஸ்ட்மன் தன் செல்வத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வளர்த்தது அது; இசைப் பள்ளியும் மருத்துவப் பள்ளியும் அவர் பணத்தில் எழுந்தவை. ஒளியியலுக்கென்று நாட்டிலேயே முதலில் 1929-இல் தனிக் கல்வி நிலையம் தொடங்கியதும் அங்கேதான். 1970-இல் தொடங்கிய லேசர் ஆய்வகத்தில் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார்ட் மூருவும் 1985-இல் செய்த வேலைக்குத்தான் 2018-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வேலைவாய்ப்பு என்று பார்த்தால் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைதான் ஊருக்குச் சோறு போடுகிறது. இணைந்த மருத்துவமனைகளையும் சேர்த்தால் பல்கலைக்கழகத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். இன்று ஊரின் மிகப் பெரிய முதலாளி அதுவே. அந்த இடத்தைக் கோடக்கிடமிருந்து அது எடுத்துக்கொண்டது இயல்பான வாரிசுரிமைபோலத் தோன்றினாலும், இரண்டும் ஒன்றல்ல. கோடக்கின் தொழிற்சாலை வேலைக்குப் பள்ளிப் படிப்பு போதும், சம்பளம் ஒரு குடும்பத்தைத் தாங்கும். மருத்துவமனையில் மேலே மருத்துவரும் ஆய்வாளரும், கீழே துப்புரவாளரும் நோயாளியைத் தள்ளிச் செல்பவரும். நடுவே ஏணியின் படிகள் குறைவு. போதாததற்கு, பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் லாப நோக்கற்றவை என்பதால் நகரத்துக்குச் சொத்து வரி கட்டுவதில்லை. வேலைகளின் எண்ணிக்கை குறையாமலே ஊரின் நடுப்பகுதி மெலிந்தது இப்படித்தான்.

மற்ற பெரிய பெயர்கள் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள். 1916-இல் ஒரு மளிகைக் கடையாகத் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவிய வெக்மன்ஸ் கடைகளின் தலைமையகம் கேட்ஸ் டவுனில். சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பேச்செக்ஸின் தலைமையகம், மேலே சொன்ன அதே பென்ஃபீல்டில். ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி 1968-இல் நகரத்தைவிட்டு ஹென்ரியேட்டாவுக்குப் போய்விட்டது. 'ராச்செஸ்டர் நிறுவனங்கள்' என்று செய்தித்தாள் எழுதுகிற பலவும் நகர எல்லைக்கு அப்பால் இருக்கின்றன. கார் இல்லாத நகரவாசி, ஆண்டுக்கு இரண்டரை மீட்டர் பனி விழும் ஊரில், பேருந்தில் நகர மையத்துக்கு வந்து, இன்னொரு பேருந்து மாறி, நெடுஞ்சாலையோரம் இறங்கி நடந்துதான் அந்த வேலைக்குப் போக வேண்டும்.

தொழில்நுட்பக் கல்லூரியோடு சேர்ந்த இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்ப நிலையம் 1965-இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே அமைந்தது. 1876-இலிருந்தே நகரத்தில் காது கேளாதோர் பள்ளி ஒன்று இருந்துவந்தது. படிக்க வந்தவர்கள் தங்கியதால், காது கேளாதோர் மக்கள்தொகையில் அதிக விகிதத்தில் வாழும் அமெரிக்க ஊர்களில் ராச்செஸ்டரும் ஒன்றாயிற்று. கடையில், மருத்துவமனையில், நாடக அரங்கில் கைமொழி பேசுவோரைப் பார்த்து யாரும் அங்கே திரும்பிப் பார்ப்பதில்லை. எந்த வருமானப் பட்டியலிலும் வராத ஒரு மக்கள்தொகைச் செய்தி இது.

நகரம் மேலும் சுருங்காமல் நின்றதற்குப் பெருமளவு காரணம் வெளியிலிருந்து வந்தவர்கள். பூடானிலிருந்து விரட்டப்பட்ட நேபாள மொழியினர், பர்மா அகதிகள், சோமாலியர், 2017-இல் மரியா புயலுக்குப் பின் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் என்று பலர் பழைய வீடுகளில் குடியேறினார்கள். இந்தியர்களோ பெரும்பாலும் பிரைட்டன், பிட்ஸ்ஃபோர்ட், ஹென்ரியேட்டா பக்கம். பிட்ஸ்ஃபோர்டில் இந்துக் கோயில் இருக்கிறது. நகரத்துக்குத் தெற்கே ரஷ் என்ற சிற்றூரில், இலங்கைத் தமிழ் வழிவந்த ஒருவர் நிறுவிய ராஜராஜேஸ்வரி பீடமும் உண்டு. அங்கே பெண்களும் கருவறை வழிபாட்டை நடத்துகிறார்கள் என்பதை உங்கள் உறவினர் போய்ப் பார்த்தால் வியப்பார்.

கோடக்கின் பழைய தொழிற்சாலை வளாகம் என்ன ஆயிற்று என்று அறிய எல்லோருக்கும் ஆவல். ஆயிரத்திருநூறு ஏக்கர் நிலம். உள்ளேயே ரயில் பாதை, மின் நிலையம், தீயணைப்புப் படை. 2007-இல் ஃபிலிம் தொடர்பான பெரிய கட்டடங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தபோது, அவற்றுக்குள் ஆயுளைக் கழித்தவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று அதே வளாகத்தில் தக்காளிச் சாஸ் தயாரிப்பது முதல் மின்கல ஆய்வுவரை பல நிறுவனங்கள் இயங்குகின்றன. திரைப்பட ஃபிலிம் உருளைகளைக் கோடக் இன்னும் அங்கேதான் தயாரிக்கிறது. ஹாலிவுட் இயக்குநர்கள் சிலர் ஃபிலிமை விடாமல் பிடித்திருப்பதால் அந்த ஒரு பிரிவு மட்டும் சுறுசுறுப்பாக இருக்கிறது.

நகர மையத்தைச் சுற்றி 1965-இல் முடித்த 'இன்னர் லூப்' என்ற பள்ளச் சாலை, மையத்தைச் சுற்றுப்பகுதிகளிலிருந்து அகழிபோல வெட்டிவிட்டிருந்தது. மூன்று லட்சத்து முப்பதாயிரம் பேருக்காகத் திட்டமிட்ட சாலையில் வண்டிகளே இல்லாமல் போக, அதன் கிழக்குப் பகுதியை 2014 முதல் 2017 வரை மண் கொட்டி மூடினார்கள். அந்த மண்ணின்மேல் இன்று அடுக்குக் குடியிருப்புகள் நிற்கின்றன. வடக்குப் பகுதியையும் மூடத் திட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் ஏழைகள் அதிகம். மூடிய நிலத்தில் யாருக்கு வீடு எழும்பும் என்பதை ஊரே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் உறவினருக்குப் பயன்படும் சில செய்திகளையும் சேர்த்துவிடுகிறேன். நகரத்தின் வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டியவை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் உண்டு, அது உதிர்ந்தால் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதற்காக நகரம் 2005-இல் ஒரு சட்டம் இயற்றி, வாடகை வீடுகளை ஈய ஆபத்துக்காகச் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈய அளவு அதன்பின் வெகுவாக இறங்கியது, மற்ற நகரங்களும் அதைப் பார்த்துப் பின்பற்றின. ஆகவே கைக்குழந்தையோடு போகிறவர் நகரத்துக்குள் வாடகைக்கு வீடு பார்க்கும்போது, அந்த வீட்டுக்கு நகரம் கொடுத்த குடியிருப்புச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்; கேட்பதில் கூச்சம் வேண்டாம், அங்கே அது வழக்கம். வாங்குவதென்றால், விலை நாட்டின் சராசரியைவிடக் குறைவு என்பதைப் பார்த்து மயங்கிவிடாமல், சொத்து வரியையும் கேட்டுக் கணக்கிட வேண்டும். அந்தப் பகுதியில் அது ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் ஏறக்குறைய மூன்று விழுக்காடுவரை வரும், அதில் பெரும்பகுதி பள்ளிக்குப் போவது. 2021-இலிருந்து கேட்ட விலைக்கு மேலே கொடுத்து வாங்குகிற அளவுக்குப் போட்டியும் இருக்கிறது. மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் நகரத்தின் தெற்கு எல்லையில், பிரைட்டனை ஒட்டியே இருப்பதால், பணிக்கு வருகிறவர்களில் பலர் நகர எல்லையைத் தாண்டிப் பிரைட்டனில்தான் வீடு பார்க்கிறார்கள். நடந்து போகும் தூரம்தான்.